வசனத்துக்கு முன் கேள்வி: சபை கவுன்சலிங் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்னையின் பல சபைகளில் இப்போது ‘கவுன்சலிங் ஊழியம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் மூப்பர்கள், வாலிபர் ஐக்கியத் தலைவர்கள், பாஸ்டரம்மாக்கள். நல்ல மனதோடு வருகிறவர்கள்தான். ஆனால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை மருத்துவரிடம் விடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்த மாதம் வந்த கேள்விகளெல்லாம் அதைச் சுற்றியே இருந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் கேட்டு, வசனம் சொல்லி, ஜெபித்து அனுப்புகிறோம். அடுத்த வாரம் அதே ஆட்கள் அதே பிரச்சினையோடு வருகிறார்கள். எங்கே தவறு? – சபை மூப்பர், பெரம்பூர்

ஐந்து நிமிடத்தில் செய்வது ஜெபம். அது நல்லதுதான், ஆனால் அதைக் கவுன்சலிங் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “இது இன்னைக்கே பேச வேண்டியதா, இந்த வாரத்துல ஒரு நாள் உட்கார்ந்து பேசலாமா?” இன்றைக்கே என்றால் தனியே அழைத்துப் போங்கள். மற்றவர்களுக்கு வார நாளில் நேரம் குறித்துக் கொடுங்கள். ஒரு மாலையில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஆள் பேசும்போது உங்கள் காது இரண்டாவது ஆளிடமே நின்றுவிடும்.

இடத்தையும் பாருங்கள். வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய சிறு அறையில்) பாடகர் குழு ஒத்திகை நடக்கிற நேரம் ஆகாது. வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர்கள் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கதவைப் பாதி திறந்து வைத்து, ஹாலின் மறுகோடியில் ஒருவரை உட்கார வையுங்கள். பெண்களோடு பேசப் பெண் ஒருவர் இருப்பதே சிறந்தது. மேஜைக்குப் பின்னால் உட்காராதீர்கள், அது விசாரணைபோல் ஆகிவிடும். இரண்டு நாற்காலிகளைச் சற்றுச் சாய்வாகப் போட்டால், அழ வேண்டியவர் உங்கள் கண்ணைத் தவிர்த்து அழ முடியும். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். செல்போனை ‘சைலன்ட்’ ஆக்கினால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடத்தில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எவ்வளவு நேரம் பேசப் போகிறோம், நீங்கள் மருத்துவர் அல்ல என்பது, இரகசியத்தின் எல்லை. கடைசியானதை இப்படிச் சொல்லலாம்: “அக்கா, நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியே போகாது. உங்க உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து, இல்லேன்னா 18 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை, இந்த மூணுல ஏதாவது இருந்தா மட்டும் நான் உதவிக்கு வேற ஆளைக் கூப்பிடணும். அப்பவும் உங்ககிட்டே சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்.” இதைக் கதை கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எல்லாம் கேட்ட பிறகு சொன்னால், வாயைத் திறக்க வைத்துக் காட்டிக்கொடுத்ததாகத்தான் தோன்றும்.

அடுத்த அரை மணி நேரம் அவருடையது. “என்ன நடந்ததுன்னு சொல்லுங்க”, “அப்புறம்?”, “அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?” இவை போதும். “ஏன் அப்படிச் செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வீடுகளில் அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை, திட்டுவதற்கு முன்னால் வருவது. கேட்டவுடன் ஆள் தன் பக்க நியாயத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு நீங்கள் கேட்பது கதை அல்ல, வாதம்.

கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: “ஆக, மாமியார் பேசினது வலிச்சது, அதைவிட உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு ஒண்ணும் சொல்லாதது ரொம்ப வலிச்சது. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?” தவறாகச் சொல்லியிருந்தால் அவரே திருத்துவார். பல நேரம் அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கும். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13. கவுன்சலிங் பயிற்சியின் பாதி அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

எழுந்திருக்கும் முன் சில சாதாரணக் கேள்விகள்: தூக்கம் எப்படி? சாப்பாடு? வீட்டில் யாராவது குடிக்கிறார்களா? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? கடன் உண்டா? கடனைக் கட்டாயம் கேளுங்கள். ‘சமாதானம் இல்லை பிரதர்’ என்று வருகிறவர் வீட்டில் நகைக் கடன், குழுக் கடன், செல்போன் ஆப்பில் வாங்கிய கடன் என மூன்றும் இருக்கலாம். சோர்வு, எடை கூடுவது, எதிலும் பிடிப்பில்லாமை என்றால் தைராய்டு, இரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவருக்கு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை.

கெட்டுப்போகிற இடங்கள் எப்போதும் அவையேதான். பாதியில் மறித்து உங்கள் சாட்சியைச் சொல்வது. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று வாக்குக் கொடுப்பது. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாத தாயிடம் ‘சகலமும் நன்மைக்கே’ என்று ரோமர் 8:28-ஐ நீட்டுவது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் சரியாகச் செய்தது அது மட்டுமே.

எத்தனை முறை சந்திப்பது? வேதத்தையும் ஜெபத்தையும் எந்தக் கட்டத்தில் கொண்டுவருவது? – வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர், வேளச்சேரி

வாரம் ஒரு முறை, 50 நிமிடம், ஆறு முதல் எட்டு சந்திப்பு. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் சிலர் முக்கியமானதை ‘அப்புறம் சொல்லலாம்’ என்று கடைசிவரை தள்ளுவார்கள், சிலர் உங்களையே நிரந்தர ஊன்றுகோலாக்கிக் கொள்வார்கள். மூன்றாவது சந்திப்பின் முடிவில் நின்று பாருங்கள்: ஏதாவது நகர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் வேறு ஆளோ, மருத்துவரோ தேவைப்படலாம்.

இனி, யாருக்கு என்ன தேவை என்பது. 1 தெசலோனிக்கேயர் 5:14 மூன்று வகை ஆட்களைச் சொல்கிறது: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்தி சொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள். ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறுகிறது. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970-இல் முன்வைத்த முறை வேதத்தைக் கொண்டு நேருக்கு நேர் புத்தி சொல்வதை மையமாக வைத்தது. தெரிந்தே வீட்டைச் சீரழிக்கிற ஒருவரிடம் அது பலிக்கலாம். ஆனால் அதை மட்டும் கற்றுக்கொண்டவர் வருகிற எல்லாரையும் ஒழுங்கில்லாதவர் பட்டியலில் சேர்த்துவிடுவார். சபைகளில் நடக்கிற சேதத்தில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்: தேற்ற வேண்டியவரைக் கண்டிப்பது, தாங்க வேண்டியவருக்கு அறிவுரை சொல்வது. முதல் இரண்டு சந்திப்பும் இவர் மூன்றில் யார் என்று கண்டுபிடிப்பதற்கே. ஒரே ஆள் இன்றைக்குத் திடனற்றவராகவும், இரண்டு மாதம் கழித்துப் புத்தி கேட்கத் தக்கவராகவும் இருக்கலாம்.

வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1 இராஜாக்கள் 19-ஐப் படியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டுமென்று கேட்கிறான். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டவனை மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் கேள்வி: “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” அந்தக் கேள்வி இரண்டு முறை வருகிறது, அவனும் ஒரே பதிலை இரண்டு முறை சொல்கிறான், கர்த்தர் மறிக்கவில்லை. அதற்கப்புறம்தான் வேலையும் உடனிருக்க எலிசாவும். உடல், கேள்வி, அப்புறம் பணியும் துணையும்.

அப்படியானால் மூன்றாவது, நான்காவது சந்திப்பில் வசனம் வரலாம். ஒரு சந்திப்புக்கு ஒரு பகுதி போதும். அவருடைய நிலையைப் பேசுகிற பகுதியாக இருக்கட்டும், உங்கள் பதிலைப் பேசுகிறதாக அல்ல. துக்கத்தில் இருப்பவருக்குச் சங்கீதம் 88 கொடுக்கலாம், அது இருளிலேயே முடிகிறது. அப்படியும் ஒரு ஜெபம் வேதத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள். வீட்டில் செய்ய வேலையும் கொடுங்கள், சின்னதாக: சங்கீதம் 13-ஐப் போல ‘எதுவரைக்கும்’ என்று தொடங்கி ஆறு வரி எழுதி வர வேண்டும், அல்லது தினமும் மாலை இருபது நிமிடம் நடக்க வேண்டும். ‘அதிகமாக வேதம் வாசியுங்கள்’ என்பது வீட்டுப்பாடம் ஆகாது. எவ்வளவு, எப்போது என்று இல்லாததை யாரும் செய்யமாட்டார்கள். செய்ய முடியாதபோது குற்றவுணர்வு ஒன்று கூடும்.

ஜெபத்துக்கு அனுமதி கேளுங்கள். “ஜெபிக்கட்டுமா, இல்ல இன்னைக்கு வேண்டாமா?” ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருந்தால்தான் ‘சரி’ என்பதற்கு மதிப்பு. இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே வைத்து ஜெபியுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கிய கண்டனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

என் கணவர் பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறார். ‘இன்றிரவே விட்டுவிட வேண்டும், மூன்று நாள் உபவாசம் இரு’ என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருக்கிறார். அவரும் சம்மதித்துவிட்டார். – வாசகி, வியாசர்பாடி

உபவாசம் வேண்டாம். முதலில் மருத்துவமனை. தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பம், காய்ச்சல், இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிவது என்று முற்றும். வீட்டில் இதைப் பிசாசு என்று நினைத்து விரட்டிக்கொண்டிருந்தால் உயிரே போகலாம். மருத்துவர் குறிப்பிட்ட மாத்திரைகளோடும் பி1 வைட்டமினோடும் சில நாளில் இதைப் பத்திரமாகக் கடத்திவிடுவார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். அடையாறில் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்றே உள்ளது. பாஸ்டர் ஐயாவின் வேலை அதற்குப் பின்தான் ஆரம்பிக்கிறது: திரும்பி வந்த மனிதரின் மாலை நேரத்தை யாரோடு, எப்படி நிரப்புவது என்பது. அதில் சபையால் ஆகிற அளவு மருத்துவமனையால் ஆகாது.

மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற சகோதரி ஒருவர் 21 நாள் உபவாச ஜெபத்தில் சேர விரும்புகிறார். சேர்க்கலாமா? – ஜெபக்குழுத் தலைவி, அம்பத்தூர்

அவருடைய மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் கூடாது. லித்தியம் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. தண்ணீரும் உப்பும் குறைந்தால் அது இரத்தத்தில் தங்கிக் கூடும். சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒரு பகல் இருப்பதே ஆபத்துதான். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவரை ஒதுக்கி வைக்கவும் தேவையில்லை. 21 நாளும் செல்போனையும் சீரியலையும் விட்டுவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கட்டும்.

இன்னொன்று: குணமாகிவிட்டது என்று மேடையில் அறிவித்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் மீண்டும் பாய்ந்து வரும் வாய்ப்பு அதிகம்.

எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வரும் ஒரு பையன் ‘நான் இல்லாம போனா எல்லாருக்கும் நல்லது’ என்றான். தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகாதா? – தாம்பரம்

ஆகாது. கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். பெரும்பாலும் ஒருவர் நேராகக் கேட்டாரே என்று ஆறுதலே வரும். சுற்றி வளைக்காதீர்கள்: “தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?” ஆமென்றால் தொடர்ந்து கேளுங்கள்: எப்படி என்று யோசித்திருக்கிறானா, அதற்கானது கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறானா, முன்பு முயன்றது உண்டா. வழியும் நாளும் முடிவாகியிருந்தால் அன்று அவனைத் தனியே விடக் கூடாது. வீட்டுக்கு உடன் போய்ப் பெற்றோரிடம் அவன் முன்னாலேயே பேசுங்கள். ஆபத்தானவை அவன் கைக்கு எட்டாமல் போகட்டும். அன்றைக்கே மனநல மருத்துவர்.

அவ்வளவு அவசரமில்லை என்று தெரிந்தாலும் ஓர் அட்டையில் அவன் கையாலேயே எழுத வையுங்கள்: எண்ணம் வரப் போகிறது என்பதற்கு அடையாளம் என்ன, அப்போது தனியே என்ன செய்வான், யாரோடு போய் உட்காருவான், யாருக்கு போன் செய்வான். கடைசி வரியில் டெலி-மானஸ் 14416, சிநேகா 044-24640050. முன்னது 24 மணி நேரமும் எடுக்கும் அரசு மனநல உதவி எண். சிநேகா 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்குகிறது. அட்டை செல்போன் கவருக்குள் இருக்கட்டும். மறுநாளே நீங்களாகக் கூப்பிடுங்கள்.

எதையாவது விழுங்கிவிட்டதாகச் சொன்னால், பார்க்க நன்றாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாமல் பிறகு ஈரலைத் தாக்கும். போலீஸ் கேஸ் ஆகுமே என்று பெற்றோர் தயங்குவார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லி அழைத்துப் போங்கள்.

‘தற்கொலை செய்தால் நரகம்’ என்று பயமுறுத்தாதீர்கள். பயந்து அவன் எண்ணத்தை விடமாட்டான், உங்களிடம் சொல்வதைத்தான் விடுவான்.

கணவர் அடிக்கிறார் என்று வந்த பெண்ணையும் கணவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினோம். அன்றிரவு இன்னும் அதிகமாக அடி விழுந்தது. – பாஸ்டரம்மா, கொளத்தூர்

அடி இருக்கிற வீட்டில் சேர்த்து உட்கார வைப்பது முதல் படியாக இருக்கவே கூடாது. அவர் முன்னால் அந்தப் பெண் உண்மை சொன்னால் இரவு அதற்கு விலை கொடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் சந்திப்பே வீண். இனி அந்தப் பெண்ணைத் தனியே, கணவருக்குத் தெரியாத நேரத்தில் பாருங்கள். கேட்க வேண்டியவை: கழுத்தை நெரித்தது உண்டா, கொன்றுவிடுவேன் என்றது உண்டா, அடி அண்மையில் கூடியிருக்கிறதா, பிள்ளைகள் மேல் கை வைக்கிறாரா. கழுத்தை நெரித்திருந்தால் அபாயம் மிக அதிகம். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் நகல், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். 181 மகளிர் உதவி எண். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் நீதிமன்ற உத்தரவு பெறலாம். அந்தப் பெண் குடியிருக்கும் வீட்டை விட்டு அவரைச் சட்ட நடைமுறை இல்லாமல் துரத்த முடியாது.

மன்னிப்பு வேறு, அடிக்குக் கீழே திரும்பிப் போவது வேறு. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22-ஐ அந்தப் பெண்ணுக்கு வாசிக்கிறவர்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிற 21-ஐயும் மனைவியில் அன்புகூரச் சொல்கிற 25-ஐயும் அவர் கணவருக்கு வாசிக்கட்டும். வேறு நாளில், வேறு ஆள்.

மருமகளைக் கூட்டி வருகிற மாமியாரே எல்லாப் பதிலையும் சொல்கிறார். – புரசைவாக்கம்

முதல் பத்து நிமிடம் அம்மாவிடமே கேளுங்கள், மரியாதையாக. பிறகு “அம்மா, இனி தங்கச்சிகிட்டே தனியா பேசறேன், நீங்க ஹாலில் உட்காருங்க” என்று எழுந்து நின்று சொல்லுங்கள். உட்கார்ந்து சொன்னால் போகமாட்டார்.

ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி, உறவினர் தவறாக நடந்ததாகச் சொன்னாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். சபைப் பெயர் கெடும் என்று மூப்பர்களும் தயங்குகிறார்கள். – ஞாயிறு பள்ளி ஆசிரியை

தயங்கச் சட்டத்தில் இடமில்லை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறையிடமோ சிறார் சிறப்புப் பிரிவிடமோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சிறார் உதவி எண் 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) காக்கும் இரகசியத்தைக் கவுன்சலிங் அறைக்கு நீட்டிக்கொள்ள முடியாது.

குழந்தையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள், விசாரணை உங்கள் வேலையல்ல. அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, நேரமும் தேதியும் போட்டு எழுதி வையுங்கள். “நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உனக்கு உதவி செய்றவங்ககிட்டே மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சொல்லாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு மூப்பர்கள் ‘சமாதானம்’ பேசுவதும் கூடவே கூடாது.

ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதைப் பெயர் சொல்லாமல் ஜெபக்குறிப்பாகக் கொடுக்கலாமா? – அசோக் நகர்

கூடாது. ‘பெயர் சொல்லவில்லை, அந்தச் சகோதரனின் குடும்பப் பிரச்சினைக்காக’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் இரவுக்குள் சபையே ஆளைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் குறிப்பேட்டிலும் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். தேதி, பேசியதன் சாரம் இரண்டு வரி, அடுத்து செய்ய வேண்டியது, இவ்வளவு போதும். பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும்.

கவுன்சலிங்குக்குக் காணிக்கை வாங்கலாமா? – பல்லாவரம்

வேண்டாம். கொடுத்தவர் அடுத்த வாரம் தனக்குப் பிடித்த பதிலை எதிர்பார்ப்பார், கொடுக்க முடியாதவர் வரமாட்டார். வற்புறுத்திக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போடச் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகரைச் சபை சம்பளத்துக்கு வைத்திருந்தால் அவருடைய கட்டணத்தைச் சபையே நேரடியாகக் கொடுக்கட்டும்.